அக்காகிட்டச் சொல்லு

மனாசே ஆஸ்திரேலியாவுக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, அவன் போகப்போவதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. சொன்னவர் அவனுடைய அத்தான் லிசியாதே, வைதோங்கோ சபையின் மூப்பர்.

சபையில் மணியடிக்க ஆள் உண்டு, பாட்டுக்கு ஆள் உண்டு, பிரசங்கத்துக்குப் போதகர் உண்டு. இவர்கள் எல்லாரும் தங்கள் வேலையை முடித்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறதோ அது மூப்பருடைய பொறுப்பு. மிச்சம் ஒன்றும் இருக்காது என்பதால் லிசியாதே அதை மிகுந்த கவனத்தோடு செய்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டு மாட்டி, அதன் மேல் முன்னோர் காலத்துக் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றி, தென்னை நார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் எழுந்து நின்றால், எழுந்தது மனிதனா மேடையா என்று சந்தேகம் வரும். பாய் எவ்வளவு கிழிசலோ அவ்வளவு கௌரவம். லிசியாதேயின் பாயில் பாதிக்கு மேல் ஓட்டைதான்.

"கர்த்தாவே," என்றார் அன்றைக்கு. "எங்கள் மைத்துனன் மனாசேயை மாடுகளின் தேசத்துக்கு அழைத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். நாலு வருஷத்துக்கு அவனுக்கு ஒரு தொழிற்சாலையைக் கட்டளையிட்டீரே, ஸ்தோத்திரம். அவன் கையின் பிரயாசத்தால் இந்த மண்டபத்துக்குப் புதிய கூரை போடச் சித்தங்கொண்டீரே."

அந்த இடத்தில் கூரை தன் பங்குக்கு இரண்டு சொட்டு விட்டது. ஆமென் என்றது சபை.

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்திருந்தவர்கள் இருவர்தான். ஆண்கள் பக்கம் மனாசே. பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், மடியில் கைக்குழந்தை நிகோவும் தோளில் மூன்று வயதுப் பெண் சேலாவும் சாய்ந்திருக்க, அவன் மனைவி லுபே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்தி இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் கிடைத்தது. ஊரில் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் எல்லாரும் லிசியாதேயின் போன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். பெரிய மனிதர் நம்பரைப் பார்த்தால் வேலை சீக்கிரம் வரும் என்று ஒரு நம்பிக்கை. வேலை வந்தது, அவர் போனுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நகரத்து ஆபீஸில் சொன்னார்களாம். லிசியாதே அதைக் கர்த்தருக்கு முதலில் தெரிவித்து, மற்றவர்களைக் கூடவே கேட்டுக்கொள்ள விட்டுவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் லுபேயும் மனாசேயும் வனிலாத் தோட்டத்துக்குப் போனார்கள். பூக்கிற காலம். வனிலாப் பூ ஒரு காலைப்பொழுதுதான் திறந்திருக்கும். உச்சி வெயிலுக்கு முன் கையால் தொட்டுவிடவில்லையென்றால் வாடி விழுந்துவிடும், காய் இல்லை. தொடுவது என்றால் சும்மா தொடுவது அல்ல. பூவின் உதட்டைக் கிழித்து, உள்ளே இருக்கிற சின்ன மூடியை ஈர்க்குச்சியால் தூக்கி, மேலே இருக்கிற மகரந்தத்தைக் கட்டை விரலால் கீழே அழுத்த வேண்டும். லுபேக்கு ஈர்க்குச்சி, மனாசேக்கு எலுமிச்சை முள். காட்டாமணக்கு மரங்களில் கொடிகள் சுற்றியிருந்தன. வரிசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். இருவரும் இலைகளுக்கு நடுவே பேசிக்கொண்டே நகர்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் உருப்படியாகப் பேசியதெல்லாம் இந்த வரிசைகளில்தான்.

"போகணுமா?" என்றாள் லுபே.

"தெரியல."

"மனுப் போட்டப்போ தெரிஞ்சுதா?"

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். மழை வந்தா எல்லாரும் ஓடற பக்கம் நாமளும் ஓடறதில்லையா?"

"நாலு வருஷம் சொல்றாரு உங்க அத்தான்."

"நடுவுல ஒருக்கா வந்துட்டுப் போகலாமாம்."

"நிகோ உங்களை யாருன்னு கேப்பான்."

"போட்டோவைக் காட்டு."

"காட்டறேன். போட்டோ அந்தப் பக்கம் நின்னு பூத் தொடுமா?"

மனாசே சிரிக்கவில்லை. முள்ளைக் காதில் செருகிக்கொண்டு ஒரு கொடியைத் தளர்த்திக் கட்டினான். மரத்தடிப் பாயில் சேலா, தம்பிக்குக் காவலாக உட்கார்ந்து, தன் விரலையே அவனுக்குச் சப்பக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

லுபேக்குச் சொந்த ஊர் வடக்கே நியுவா, கப்பல் தனக்குத் தோன்றும்போது போகிற ஒரு தீவு. வைதோங்கோவில் அவள் 'நியுவாக்காரி' அல்லது 'மனாசே வீட்டுக்காரி'. லுபே என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான். அவன் விமானம் ஏறினால் தன் பெயரும் கூடவே ஏறிப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. இதையெல்லாம் புருஷனிடம் சொல்ல முடியாது. சொன்னால் பைத்தியம் என்பான். அதனால் நியாயமான ஒன்றைச் சொன்னாள்.

"ஒண்ணு செய்வோம். அந்தச் சம்பளத்துல நாங்க மூணு உசுரு நிப்போமா மாட்டோமான்னு மட்டும் பாப்போம். நிப்போம்னா போங்க. இல்லேன்னா இங்கயே இருந்து பூத் தொடுங்க."

"வனிலாவுல மட்டும் நிக்கறோமா?"

"அதுல ஒத்தக் கால்ல நிக்கறோம். விழலையே."

"சரி," என்றான் மனாசே. "யாரைக் கேக்கறது?"

கிலிஃபியைத்தான். போன வருஷம் ஆஸ்திரேலியாவில் பழம் பறித்துவிட்டுத் திரும்பியவன். ஊருக்கு வந்த நாளிலிருந்து, இருட்டில் பளபளக்கிற மஞ்சள் சட்டை ஒன்றைக் கழற்றவே இல்லை. சபைக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். மேலே பாய் கட்டிக்கொள்வான். அன்று சாயங்காலம் லுபே போனபோது, வள்ளிக்கிழங்குக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

"சம்பளம்னா என்னப்பா கிலிஃபி, எவ்வளவு நிக்கும்?"

"எல்லாரும் எவ்வளவு வரும்னுதான் கேப்பாங்க. நிக்கறதை யாரும் கேட்டதில்லக்கா." மண்வெட்டியை ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டான். "சம்பளம் சுட்ட பன்னி மாதிரி. முழுசா தட்டுல வரும்போது கண்ணு நிறைஞ்சு போகும். அப்புறம் கத்தியை எடுப்பாங்க."

"யாரு?"

"முதல்ல அந்த ஊரு. வரின்னு ஒரு தொடை. ஆறு பேர் படுக்கற ரூமுக்கு வாடகைன்னு இன்னொரு தொடை. வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேனுக்கும் பிளேன் டிக்கெட்டுக்கும் காது, மூக்கு, வாலு. போத்திக்கிற கம்பளிக்குக்கூடப் பிடிச்சாங்க. அதை வரும்போது கொடுத்துட்டும் வந்தேன்."

"மிச்சம்?"

"நெஞ்சும் முதுகும் மிச்சம். பொய் சொல்லக் கூடாது, மூணு பேருக்குத் தாராளமாப் போதும். மாட்டிறைச்சித் தொழிற்சாலையில இன்னும் கூடத்தான் கொடுக்கறாங்களாம்."

லுபே அவன் வீட்டைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மாவு மூட்டைச் சாக்கு தொங்கியது. அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"அது வேற," என்றான். "நெஞ்சும் முதுகும் வீட்டுக்கு வந்து சேந்தாத்தானேக்கா. வழியிலேயே முதுகு சபைக்கு. வருஷாந்தரக் காணிக்கையில பேர் சொல்லிப் படிக்கறாங்களே, வெளிநாடு போனவன் பேருக்குப் பின்னால சின்னத் தொகையா படிக்க முடியும்? நெஞ்சு அத்தைக்கு. அத்தை மவ கல்யாணம், அத்தை மாமியார் சாவு. மிச்ச எலும்பை சித்தப்பன் பெரியப்பன் கேட்டு வாங்கினாங்க."

"உனக்கு?"

"இந்தச் சட்டை. ராத்திரி ரோட்டுல நடந்தா கார் மோதாது."

"நம்ம ஊர்ல ஏதுப்பா கார்?"

"அதான் இன்னும் மோதல."

லுபே கணக்கோடு வீட்டுக்கு வந்தாள். வேலை மூன்று உயிரைத் தாங்கும், ஊரைத் தாங்காது. ஊரைத் தவிர்த்துவிட்டு மூன்று உயிருக்கு மட்டும் சம்பாதிக்க எந்த மனிதனுக்கும் இங்கே வழி கிடையாது. மனாசே கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் தன் கால் விரல்களைப் பார்த்தான். பிறகு, "போகல," என்றான். வியாழக்கிழமை அத்தானிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னான். லுபே, சேலாவின் பிறந்தநாளுக்கு என்று ஒளித்து வைத்திருந்த டின் இறைச்சியை உடைத்து, சேம்பு இலையில் தேங்காய்ப்பாலோடு பொதிந்து வேக வைத்தாள். நல்ல சாப்பாடு. மனாசே இரண்டு பொதி தின்றான்.

வியாழக்கிழமைக்கு முன்னாலேயே அவன் அக்கா மெலெனைதே வந்துவிட்டாள்.

மெலெனைதேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தீவுகளில் அப்பனைவிட அப்பனின் அக்கா ஒரு படி மேலே. பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவள் அவள். சேலாவின் முதல் பிறந்தநாளில் பெரிய பன்றி, நல்ல பாய், மரப்பட்டைத் துணிச் சுருள் எல்லாம் அவள் வீட்டுக்குப் போயின. பெற்றவளுக்குப் போட்டோ மிஞ்சியது. யாரும் இதை அநியாயம் என்று நினைப்பதில்லை, மெலெனைதேயும் நினைக்கவில்லை. காற்று கிழக்கிலிருந்து அடிப்பதைப் போல அது ஒரு நடைமுறை. அவளுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆக்லாந்தில் இருந்தார்கள். லிசியாதே தன் பேச்சில் மாதம் ஒருமுறையாவது அவர்களைக் கொண்டுவந்துவிடுவார்: கிறிஸ்துமஸுக்குப் போனில் கூப்பிட்டார்கள் என்பார். எந்தக் கிறிஸ்துமஸ் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, அண்ணன் தங்கை, அக்கா தம்பி மரியாதை. மற்ற வீடுகளில் இது இப்போது தளர்ந்துவிட்டது. ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கிற அளவுக்கு உலகம் கெட்டுவிட்டது. இந்த வீட்டில் தளரவில்லை. மனாசேக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து அவனும் அக்காவும் ஒரே கூரையின் கீழ் ஒரே அறையில் நின்றதில்லை, நேருக்கு நேர் பேசியதில்லை. அவள் குரல் கேட்டால் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ரேடியோவை அணைத்துவிட்டு முன் அறைக்குப் போய்விடுவான். அவள் பின்பக்கச் சமையல் சாய்ப்பில் உட்காருவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். பலகைகளின் இடுக்கில் விரல் போகும். இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் கேட்காது, அதுதான் மரியாதை. சுவரில் கதவு கிடையாது. சேதி கொண்டுபோகிறவள் வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றி, முற்றத்துச் சேற்றில் படுத்திருக்கும் தாய்ப்பன்றியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மெலெனைதே வந்து, பெரிய உடம்பைப் பதமாக இறக்கி, துருவுபலகையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினாள்.

"தம்பி இருக்கானா நியுவாக்காரி?"

சுவருக்கு அப்பால் நாற்காலி கிறீச்சிட்டது.

"இருக்காங்க மதினி."

"அக்கா வந்திருக்கான்னு சொல்லு."

லுபே தலையில் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு பன்றியைத் தாண்டிப் போனாள். "மதினி வந்திருக்காங்க."

"அப்படியா," என்றான் மனாசே, இப்போதுதான் தெரிந்தவன் போல. "அக்காவைச் சாப்பிடச் சொல்லு."

திரும்பி வந்தாள். "சாப்பிடச் சொன்னாங்க மதினி."

"சாப்பிட்டுத்தான் வந்தேன்னு சொல்லு. ஆஸ்திரேலியா வேலையைப் பத்தித் தம்பி என்ன நினைக்கறான்னு கேளு. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்னு எங்க வீட்டுக்காரர் குதிக்கறாரு. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை கர்த்தர்கிட்டச் சொல்லிட்டாராம், இனி அவர்கிட்டப் போய் இல்லேன்னு சொல்ல முடியாதாம். என்னமோ கர்த்தர் கூரைத் தகடு வாங்கி வச்ச மாதிரி."

லுபேக்குச் சிரிப்பு வந்தது. பன்றியைத் தாண்டும்போது அது போய்விட்டது. முன் அறையில் மனாசே, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க," என்றாள். "போகலன்னு சொல்லிடவா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியும் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். "அக்கா என்ன சொன்னாலும் எனக்குச் சரின்னு சொல்லு."

"நேத்துப் பேசினது?"

"அக்காகிட்ட எப்படி அதைச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான்தானே சொல்லப்போறேன்."

"அக்கா விருப்பம்னு சொல்லு லுபே. போ."

அவள் வெளியே வந்தாள். மழை கொஞ்சம் வலுத்திருந்தது. பன்றிக்கு முன்னால் நின்றாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் ஒருத்தி காத்திருந்தாள், அந்தப் பக்கம் ஒருவன் காத்திருந்தான். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், ஆனால் நடுவில் நின்று அவள் சொல்வதுதான் பேச்சு. அவள் என்ன சொன்னாலும் அவன் சுவருக்கு அப்பாலிருந்து 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று சொல்ல முடியாது. சொன்னால் அக்காவோடு பேசியதாகிவிடும். கல்யாணமாகி இத்தனை நாளில் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. வாழை இலையைக் கீழே போட்டுவிட்டு நனைந்தபடியே சாய்ப்புக்குள் போனாள்.

இல்லை என்று சொல்லக் கூடாது. இல்லை என்றால் அது மரியாதைக் குறைவு. பெரியவளுக்கு ரோஷம் வந்துவிடும். ஆமாம் என்று, தூக்க முடியாத அளவுக்குப் பெரிய ஆமாமாகச் சொல்ல வேண்டும்.

"மதினி," என்றாள், கண்ணைத் தாழ்த்தி, இருக்கிறதிலேயே இனிமையான குரலில். "அவர் சொல்றாரு, அக்கா விருப்பம் எதுவோ அதுதானாம். போகச் சொன்னாப் போறாராம். ஆனா ஒண்ணு. சம்பளம் முழுசும் அக்கா கைக்குத்தான் வரணுமாம். வீட்டுக்குன்னு தனியா ஒரு காசு அனுப்ப மாட்டாராம். அத்தைக்கு மிஞ்சின உரிமை யாருக்கு இருக்குன்னு கேக்கறாரு. நாலு வருஷத்துக்கு நானும் பிள்ளைங்களும் அக்கா பொறுப்பு. எங்களுக்குச் சோறு, துணி, சேலாவுக்குப் பள்ளிக்கூடம், நிகோவுக்குக் காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரி, எல்லாம் அக்கா பாத்துப்பாங்கன்னு நிம்மதியாப் போறேன்னாரு."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

சுவருக்கு அப்பால் நாற்காலி ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் நின்றது. மெலெனைதே தன் மடியில் இருந்த தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுபே மனதுக்குள் அவசரப்பட்டாள்: சொல்லு, உன்னால் ஆகாது என்று சொல்லு. மண்டபத்துக் கூரையும் வேண்டாம், மூன்று வாய்க்குச் சோறும் வேண்டாம், தம்பி ஊரிலேயே கிடக்கட்டும் என்று சொல்லு.

மெலெனைதே தலையை நிமிர்த்தினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. தேங்காய்க்கு அப்படிச் சிவக்காது.

"எம் பிள்ளைங்க ரெண்டு பேரும் போகும்போது இப்படி ஒரு வார்த்தை சொல்லல," என்றாள். அது யாருக்கும் கொண்டுபோக வேண்டிய சேதி அல்ல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்க்காமல், ஆனால் சுவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"தம்பிகிட்டச் சொல்லு. அவன் அப்படிச் சொன்னதே எனக்குப் போதும். அந்தப் பணத்துல நான் கை வைக்க மாட்டேன். முழுசும் உன் கைக்கு வரட்டும், நீ பிள்ளைகளைப் பாரு. சபையில யாராவது வாயைத் திறந்தா என்கிட்ட வரச் சொல்லு. சித்தப்பன் பெரியப்பன் வந்தாலும் என்கிட்ட வரச் சொல்லு. மண்டபம் ஒழுகினா ஒழுகட்டும், எங்க வீட்டுக்காரர் கீழ நின்னு ஜெபம் பண்ணட்டும். அவர் தலைக்கும் கொஞ்சம் தண்ணி வேணும்."

துருவுபலகையிலிருந்து எழுந்தாள். "இனிமே தம்பிக்குப் போக என்ன தடை? ஒண்ணுமில்லையே?"

லுபே நின்றாள். அவள் போட்ட நிபந்தனை வீட்டைச் சுற்றிப் பன்றியைத் தாண்டி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது. மூணு உசுரு நிக்கும்னா போங்க. நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல மதினி," என்றாள்.

முன் அறைக்குப் போனபோது மனாசே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டீங்களா?"

"எனக்கு எப்படிக் கேக்கும்? நீ சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் அவள் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை எதையும் மாற்ற முடியவில்லை.

"அக்காவுக்கு நன்றி சொல்லு," என்றான் மனாசே.

மறுநாள் காலை இருவரும் வரிசைகளில் பூத் தொட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் தொட வேண்டியவை நிறைய இருந்தன.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று இலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

"பயந்துபோய் வேண்டாம்னு சொல்வாங்கன்னு நினைச்சேன்."

"அக்காவா? அவ பயந்து நான் பாத்ததே இல்ல."

"நீங்க அவங்களையே பாத்ததில்லையே."

அவன் இன்னொரு பூவின் உதட்டைக் கிழித்து அழுத்தினான். பிறகு, "இல்லேன்னு சொல்லியிருக்கலாம் நீ," என்றான்.

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"நான் எங்க சொல்றது," என்றான் மனாசே. முள்ளைத் தரையில் போட்டுவிட்டு அடுத்த பூவைத் தேடினான். பிறகு குனிந்து முள்ளைத் தேடினான்.

பூக்காலம் முடிகிறபோது போனான். விமான நிலையத்தில் லிசியாதே ஜெபம் செய்தார். கோட்டும் பாயும் காற்றில் படபடக்க, ஆபிரகாமிலிருந்து தொடங்கி மோசே வரைக்கும் வந்தபோது விமானத்தின் இறக்கை விசிறி சுற்ற ஆரம்பித்தது. மீதி வேதாகமம் யாருக்கும் கேட்கவில்லை. மெலெனைதே தூரத்தில் மாமரத்தடியில், தம்பியின் கண்ணில் படாத இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மனாசே சேலாவை முத்தமிட்டான், நிகோவின் தலையை மோந்தான், "வரேன் லுபே," என்றான். ஊரில் அந்தப் பெயர் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

பணம் வந்தது. கிலிஃபி சொன்னதுபோல இரண்டு தொடையும் காது மூக்கும் போய்த்தான் வந்தது. ஆனால் வந்தது லுபேயின் கைக்கு. மூன்று உயிர் நின்றது. சேலாவுக்குச் செருப்பு வந்தது, ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. வருஷாந்தரக் காணிக்கையில் மனாசேயின் பெயருக்குப் பின்னால் ஊரே வாய் பிளக்கும்படி ஒரு சின்னத் தொகை படிக்கப்பட்டது. லிசியாதே தொண்டையைக் கனைத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தார், கூடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மெலெனைதே ஆமென் என்று சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வனிலாக் கொடிகளில் பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவன் தொட்டதில் காய்த்ததும் அவள் தொட்டதில் காய்த்ததும் ஒரே மாதிரிதான் இருந்தன. அவள் தனியாகக் களை எடுத்தாள், தனியாகக் கொடி கட்டினாள். பேசுவதற்கு வாய் வரும். இலைகளுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள்.

மெலெனைதே சாயங்காலங்களில் வரத் தொடங்கினாள். இப்போது வீட்டில் தம்பி இல்லை என்பதால், தம்பியின் வீட்டுக்குள் அவள் முதல்முறையாக நுழைய முடிந்தது. முதல் நாள் முன் அறை வாசலில் நின்று, சுவர்களையும் படத்தையும் விளக்கையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் நாற்காலியில், அதற்கு வலிக்குமோ என்பது போல உட்கார்ந்தாள். நடுவில் சுவர் இல்லை, கொண்டுபோகச் சேதியும் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மழையைப் பார்த்தார்கள். சேலா அத்தையின் மடியில் ஏறி இறங்கினாள்.

ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. அடித்த உடனே மெலெனைதே எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கி, பன்றியைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டாள். தம்பியின் குரல் இருக்கிற அறையில் அவள் இருக்க முடியாது, அது போனுக்குள்ளிருந்து வந்தாலும். சுவருக்கு அந்தப் பக்கம் துருவுபலகை முனகியது.

திரையில் மனாசேயின் முகம் வந்தது. இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்ப்பலகையில் படுத்திருந்தான். அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. குளிர் அறையில் நின்று நின்று உதடு வெடித்திருந்தது.

"காய் எப்படி?"

"நல்லா இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ம். மழை?"

"விடல. சேலா, அப்பாகிட்டப் பேசு."

சேலா தன் செருப்பைத் திரைக்குக் காட்டினாள். மனாசே சிரித்தான். "நிகோ நடக்கறானா?" என்று கேட்டான். லுபே, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கதையை விவரமாகச் சொன்னாள். பாதி தூரம் போய் உட்கார்ந்துவிடுகிறான், எழுப்பினால் அழுகிறான், பன்றியைப் பார்த்தால் மட்டும் ஓடுகிறான். பதில் வரவில்லை. திரையைப் பார்த்தாள். போன் அவன் கையிலிருந்து சரிந்து மேல் கட்டிலின் அடிப்பலகையைக் காட்டிக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது, வேலை செய்து களைத்த உடம்பின் மூச்சு. கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இணைப்பு தானாக அறுந்தது.

"தம்பி என்ன சொன்னான்?" என்றது சுவரின் அந்தப் பக்கம்.

எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கும். இடுக்கில் விரல் போகும்.

லுபே கறுத்துப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா சாப்பிட்டாங்களான்னு கேட்டாரு மதினி," என்றாள்.

மழை பெய்தது.

"சாப்பிட்டேன்னு சொல்லு."

"சாப்பிட்டாங்களாம்," என்றாள் லுபே போனைப் பார்த்து.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். பலகையில் ஒரு கை வைக்கப்படும் சத்தம். பிறகு, அந்த ஊரில் வெகுநாளாக யாரும் சொல்லாத ஒரு பெயர்.

"லுபே."

"மதினி?"

"தம்பி உன்கிட்டயும் ஒண்ணு கேக்கச் சொன்னான்."

"என்ன கேட்டாராம்?"

"நீ சாப்பிட்டியான்னு."

லுபே நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள். பலகை மழையில் ஊறிச் சில்லென்று இருந்தது.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க மதினி," என்றாள்.

அடுப்பில் சேம்பங்கிழங்கு இன்னும் வேகவேயில்லை.